அக்காவின் மகன் விட்டுப்போன பாம்பும் ஒரு ரொறன்ரோக் குளிர்காலமும்

பாம்பு வளர்க்க வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. ஸ்காபரோவில் அம்மாவும் நானும் இருக்கிற சின்ன வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது அக்காவின் மகனால். வோட்டர்லூவில் பல்கலைக்கழகம் கிடைத்து அவன் விடுதிக்குப் போனான், விடுதியில் செல்லப்பிராணிக்கு இடமில்லை. அக்கா முதலே சொல்லிவிட்டாள், "அவன் போனால் உது இந்த வீட்டில ஒரு இரவும் நிக்காது" என்று. பிறகென்ன, ஓகஸ்ட் கடைசியில் என் வாசலில் கண்ணாடித் தொட்டியோடு வந்து நின்றான். "சித்தி, ஒரு வருசம் மட்டும் பாருங்கோ. கிழமைக்கு ஒருக்கா ஒரு எலி குடுத்தால் காணும், வேற ஒரு வேலையும் இல்லை." பாம்பை விற்ற கடையில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதே வசனந்தானாம்.

கிழமைக்கு ஒருக்கா என்பது பொய்யில்லை. இன்றைக்கும் அந்தப் பாம்புக்காக நான் கையால் செய்கிற வேலை ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் வராது. தண்ணீர் மாற்ற வேண்டும், கழிவு கிடந்தால் அள்ள வேண்டும், இரண்டு அளவுமானிகளைப் பார்த்துக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். சொல்லாமல் விட்டது வேறு. நாய்க்குக் குளிர்ந்தால் வந்து காலடியில் படுக்கும், பூனை ஹீட்டரைத் தேடிப் போகும். பாம்பு நாம் பூட்டிவைத்த பெட்டிக்குள் என்ன வெப்பம் இருக்கிறதோ அதைத்தான் தன் உடம்பின் வெப்பமாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட எலி சமிப்பதும், நோய் வந்தால் உடம்பு அதை எதிர்ப்பதும் அந்த வெப்பத்தில்தான் நடக்கும். ஆகவே உண்மையான வேலை அந்தப் பெட்டிக்குத்தான், பாம்புக்கு அல்ல. பெட்டி இருபத்துநாலு மணிநேரமும் சரியாக இருந்தால் வேலை இல்லை என்பது உண்மை. பிழையாக இருந்தால் மூன்று, நாலு மாதத்துக்கு ஒன்றுமே தெரியாது, பிறகு எல்லாம் ஒரேயடியாக வரும்.

எங்களிடம் வந்த பாம்பின் பெயர் 'போல் பைதன்', ஆங்கிலத்தில் ball python. மலைப்பாம்பு இனத்தில் சின்னது, பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும், கடிப்பது அபூர்வம். மேற்கு ஆபிரிக்காவில் கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு. பகலில் எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் கிடந்து இரவில் வெளியே வரும். புற்றுக்குள் சூடும் உண்டு, ஈரப்பதனும் உண்டு. அந்தப் புற்றைத்தான் ஜனவரியில் மறை பதினைந்து பாகைக் குளிர் அடிக்கிற ஊரில் ஒரு பெட்டிக்குள் கட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. சூடான பக்கம் 31 முதல் 33 பாகை, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, இரவிலும் 24க்குக் கீழே இறங்கக்கூடாது, ஈரப்பதன் 60 சதவீதத்துக்கு மேல். இந்த நாலு விசயத்தையும் யாராவது முதல் நாளே ஒரு துண்டில் எழுதித் தந்திருந்தால் எனக்கு ஆயிரம் டொலருக்குக் கிட்ட மிச்சம்.

பெடியன் கொண்டுவந்த தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் கடைகளில் தொடக்கக்காரருக்கான தொகுதி என்று இதைத்தான் விற்கிறார்கள். இருபது கலன் கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை மூடி, அடியில் ஒட்டுகிற சூட்டுப் பாய் ஒன்று, ஒரு சிவப்பு பல்ப், கண்ணாடியில் ஒட்டியிருக்கிற வட்ட வெப்பமானி. தெர்மோஸ்டாட், அதாவது வைத்த அளவுக்கு மேல் சூடு போகாமல் கட்டுப்படுத்துகிற கருவி, கிடையாது. சூட்டுப் பாயை நேரே சுவர்ப் பிளக்கில் மாட்டச் சொல்லித்தான் பெட்டியிலேயே படம் போட்டிருந்தது. பாம்புக்கு எண்பது டொலர், தொகுதிக்கு நூற்றைம்பது. அக்கா வீட்டில் அது மேல்மாடியில் அவன் அறைக்குள், கணினிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. அங்கே எப்போதும் ஒரு புழுக்கம். என் வீட்டில் கீழ்த்தளத்தில், பின்சுவரோடு வைத்தோம். எரிவாயுக் கட்டணத்துக்குப் பயந்து இரவில் வீட்டை 18க்கு இறக்குகிற பழக்கம் எங்களுக்கு.

செப்டெம்பர், ஒக்டோபர் பிரச்சினையில்லை. நவம்பரில் ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் முதலில் தெரிந்தது தோல். பாம்பு தோல் கழற்றுவதற்கு முன் நிறம் மங்கி, கண் பால்பிடித்த நீலமாக மாறும், சில நாளில் தெளியும், பிறகு மூக்கு நுனியிலிருந்து வால்வரைக்கும் ஒரே உறையாகக் கழன்று வர வேண்டும். இது அப்பளம் நொறுங்கின மாதிரித் துண்டு துண்டாக வந்தது. கழுத்தில் ஒரு பட்டை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. பாம்புக்கு இமை இல்லை, கண்ணை மூடி ஒரு தெளிந்த செதில் இருக்கும், அதுவும் தோலோடு கழன்று வர வேண்டியது, ஒரு கண்ணில் வரவில்லை. கடையில் கேட்டதற்கு, தண்ணீர் விசிறு என்றார்கள். விசிறினேன். அடியில் போட்டிருந்த மரத்தூள் நனைந்து நாறியதே தவிரக் காற்று ஈரமாகவில்லை. கம்பிவலை மூடி வழியாக எல்லாம் மேலே போய்விடும், அதுவும் மேலே பல்ப் எரிந்தால் இன்னும் வேகமாகப் போகும். முப்பது டொலருக்கு ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானிச் சோடி வாங்கி வைத்துப் பார்த்தபோது தொட்டிக்குள் 27 சதவீதம் காட்டியது. கனடாவில் குளிர்கால வீடு என்றால் அப்படித்தான், எங்கள் உதடே வெடிக்கிறது.

அந்தத் துண்டுத் தோல் வந்தால் உரித்து எடுக்காதீர்கள், முக்கியமாகக் கண்ணில் கை வைக்காதீர்கள். காற்றோட்டமுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வெதுவெதுப்பான ஈரத் துவாயை விரித்துப் பாம்பை அதற்குள் விட்டு, பெட்டியைச் சூடான இடத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் ஊர விட்டால் உடம்புத் தோல் தானாக வழன்று வரும். கண்செதிலை அடுத்த முறை தோல் கழற்றும்போது சரிவரும் என்று விடலாம், வராவிட்டால் வைத்தியர்தான். பாசியை நனைத்துப் பிழிந்து ஒரு ஒளிவிடத்துக்குள் (பாம்பு ஒளிந்து கிடக்கிற சின்னக் கூடு) அடைத்து வைப்பது நான் பிறகு கற்றுக்கொண்ட வழி. மலிவு, வேலையும் செய்கிறது.

டிசம்பரில் எலி சாப்பிட மறுத்தது. இதைப் பற்றித் தேடினால் போல் பைதன் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், பயப்பட வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் அந்த உண்மைக்குள்ளேதான் உண்மையான நோயும் ஒளிந்துகொள்ளும். நிறுக்கத் தெரிந்தால் மட்டும் இரண்டையும் பிரிக்கலாம். சமையலறைத் தராசு ஒன்றைப் பாம்புக்கென்று ஒதுக்கி, கிழமைக்கு ஒருமுறை ஒரு பெட்டிக்குள் வைத்து கிராமில் நிறுத்து எழுத வேண்டும். பட்டினி கிடக்கிற ஆரோக்கியமான பாம்பு எடையை மிக மெதுவாகத்தான் விடும். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அது வழமையான பட்டினி அல்ல. எங்களுடையது 1,240 கிராமில் இருந்து 1,090க்கு இறங்கியிருந்தது.

மூச்சுச் சத்தத்தை முதலில் கேட்டது அம்மா. அம்மா ஆரம்பத்தில் அந்தப் பக்கமே போகாதவர். நாகதம்பிரான் கோயிலுக்கு நேர்த்தி வைத்த குடும்பம் எங்களுடையது, பாம்பைப் பெட்டிக்குள் அடைப்பது பாவம் என்று ஒரு பக்கம், பயம் இன்னொரு பக்கம். ஆனால் இரவில் நித்திரை வராமல் தேத்தண்ணி போட எழும்புகிறவர் அவர்தான். ஒருநாள் விடியப்புறம் என் கதவைத் தட்டி, "பிள்ளை, உவருக்கு முட்டு இழுக்குது" என்றார். பாம்பை மரியாதையாக அவர், இவர் என்றுதான் சொல்லுவார். போய்க் காதை வைத்துக் கேட்டேன். மூச்சு வெளியே வரும்போது மெல்லிய விசில் சத்தம், இடையிடையே சொடக்குப் போடுவதுபோல ஒரு கிளிக். தலையை மேல்நோக்கி உயர்த்திக்கொண்டு, வாயைச் சற்றுத் திறந்து மூச்சு விட்டது. மூக்குத் துவாரத்தில் ஒரு சின்னக் குமிழி வந்து உடைந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குக் கை நடுங்கியது. அன்புவைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு உயிருக்காக இப்படிப் பதறுவேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பக்கத்து மிருக வைத்தியசாலைகள் இரண்டுக்கு எடுத்துக் கதைத்தேன். நாய், பூனை மட்டுந்தான் பார்ப்போம் என்றார்கள். இது எல்லோரும் பாம்பு வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை: ஊர்வன பார்க்கிற வைத்தியர் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், அவசரத்துக்குப் பார்ப்பாரா, முதல் சந்திப்புக்கு எவ்வளவு காசு. ஊர்வன, நீர்நில வாழ்வன மருத்துவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது, ஏஆர்ஏவி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அவர்களுடைய தளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். எனக்குக் கிடைத்தவர் ஒரு மணிநேரம் கார் ஓட்டிப் போகிற தூரத்தில் இருந்தார். மீன் கடையில் வாங்கிய ரெஜிபோம் (வெள்ளை நுரை) பெட்டிக்குள், தலையணை உறையில் பாம்பை முடிந்து, துணியில் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தலும் வைத்துக் கொண்டுபோனேன். காரையும் முதலே சூடாக்கி வைத்திருந்தேன். குளிர்காலத்தில் பாம்பை வெளியே எடுத்துப் போக வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வைத்தியர் பெட்டியைப் பார்த்து இது நல்ல யோசனை என்றார், அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

வாயைத் திறந்து பார்த்தார். உள்ளே நூல்நூலாக இழுபடுகிற சளி. எக்ஸ்ரே எடுத்தார், சளியில் மாதிரி எடுத்தார், போல் பைதன்களில் பரவுகிற ஒரு வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கவும் அனுப்பினார். நல்லகாலம், வைரஸ் இல்லை, பாக்டீரியாவால் வந்த நிமோனியா. பாம்புக்கு உதரவிதானம் கிடையாது, எங்களைப்போல இருமிச் சளியைத் துப்ப முடியாது, அதனால்தான் சின்னத் தடிமல்கூட அதற்குப் பெரிய விசயம் என்று விளங்கப்படுத்தினார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி பாம்பைப் பற்றியது அல்ல. "தொட்டியின் குளிர்ந்த பக்கத்துத் தரையில் இரவு வெப்பம் என்ன?" ஒட்டு வெப்பமானி 29 காட்டுகிறது என்றேன். அது கண்ணாடியின் வெப்பம், நான் கேட்டது தரையின் வெப்பம் என்றார். வீட்டுக்கு வந்து, வரும் வழியில் வாங்கிய அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கியை நீட்டிப் பார்த்தேன். குளிர்ந்த மூலையில் தரை 19. சூட்டுப் பாய்க்கு நேரே மேலே 44. இரண்டுக்கும் நடுவில் பாம்புக்குத் தகுந்த இடம் ஒரு கைக்குட்டை அளவு இருந்திருக்குமோ தெரியாது.

மருந்து மூன்று நாளைக்கு ஒருமுறை ஊசி, வீட்டில் நானே போட வேண்டும். ஊசிகளை நிரப்பி உறையவைத்துத் தந்தார்கள், போடும் நேரத்துக்குக் கையில் பிடித்து இளக வைக்க வேண்டும். முன்பாதி உடம்பில்தான் போட வேண்டும், பின்பாதியின் இரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடும் என்பதால். முதுகெலும்புக்குப் பக்கத்தில் சதையில், செதிலுக்குள் நுழையாமல் இரண்டு செதிலுக்கு நடுவில் ஊசி முனையை விட வேண்டும். முதல் நாள் அம்மாதான் பாம்பைத் துவாயோடு பிடித்தார். வாய்க்குள் ஏதோ தேவாரம் முணுமுணுத்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, ஆனால் கை அசையவே இல்லை. மருந்து போகிற காலத்தில் சூட்டைக் குறைக்கக்கூடாது, இரவும் பகலும் உயர்த்தியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து வேலை செய்யாது என்றார் வைத்தியர். பரிசோதனை, எக்ஸ்ரே, ஆய்வுகூடம், மருந்து, மீள்பார்வை எல்லாம் சேர்த்து 860 டொலர். அதே சந்திப்பில், அம்மா சொல்கிற மாதிரி 'அவர்' இல்லை, இது பெண் பாம்பு என்றும் வைத்தியர் சொன்னார். பெண் என்றால் இன்னும் நீளும், ஐந்தடிவரை போகலாம், ஆகவே தொட்டி இன்னும் போதாது. அம்மா அன்றிலிருந்து "அவ" என்று மாற்றிக்கொண்டார்.

இனிச் சாமான் கதை. ஒரே நாளில் எல்லாம் வாங்கவில்லை, ஆனால் இதை வாசிக்கிற யாராவது வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒழுங்கு முக்கியம்: முதலில் தெர்மோஸ்டாட், கடைசியில் பாம்பு. தெர்மோஸ்டாட் இல்லாத சூட்டுக் கருவி எதையும் பிளக்கில் போடாதீர்கள். பாம்பு சூடான இடத்தில் போய்ப் படுத்துவிட்டால் வயிறு வெந்துகொண்டிருந்தாலும் எழும்பிப் போகாமல் கிடக்கும், சூட்டுப் பாய்ப் புண்ணோடு தன்னிடம் வருகிற பாம்புகளை வைத்தியர் படத்தில் காட்டினார். சூட்டுப் பாய்க்குச் சாதாரண நிறுத்தி-ஓட்டுகிற வகை போதும். வெளிச்சமில்லாத செராமிக் சூடாக்கிக்கு, மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கிற துடிப்பு வகை நல்லது. பல்ப் வகைக்கு மங்கவைக்கிற வகைதான் வேண்டும், மற்றதைப் போட்டால் பல்ப் மின்னி மின்னிச் சீக்கிரம் போய்விடும். தெர்மோஸ்டாட்டுக்காக வெப்பத்தை அளக்கிற உணரிக் கம்பியை எங்கே வைக்கிறீர்கள் என்பது கருவியைவிட முக்கியம். பாம்பு அதைத் தள்ளிக் குளிர்ந்த பக்கம் கொண்டுபோனால், தெர்மோஸ்டாட் குளிர் என்று நினைத்து முழு வேகத்தில் சூடாக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே கம்பியை இறுக்கிக் கட்ட வேண்டும், எல்லை மீறினால் அலாரம் அடிக்கிற தனி வெப்பமானி ஒன்றும் வேண்டும். ஒட்டுப்பட்டியால் உள்ளே ஒன்றையும் ஒட்டாதீர்கள், பாம்பின் தோல் அதில் மாட்டினால் கிழியும். சிவப்பு பல்ப் தேவையே இல்லை, இரவு என்றால் இருட்டுத்தான்.

கண்ணாடித் தொட்டியை விட்டுவிட்டு நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் பிவிசிப் பெட்டி வாங்கினேன். முன்பக்கம் நகரும் கண்ணாடிக் கதவு. 480 டொலர் என்றதும் நெஞ்சு அடைத்தது, ஆனால் சூட்டையும் ஈரத்தையும் அது பிடித்துவைக்கிற விதத்தைப் பார்த்தபின் முன்னமே இதை யாரும் சொல்லவில்லையே என்ற கோபந்தான். கையில் காசில்லாவிட்டால் பழைய கண்ணாடித் தொட்டியின் வலைமூடியில் முக்கால்வாசியை வெளிப்பக்கமாகத் தகட்டு நாடாவால் மூடி, மூன்று பக்கமும் வெளியே நுரைப் பலகை ஒட்டியும் சமாளிக்கலாம். தெர்மோஸ்டாட் 130, செராமிக் சூடாக்கியும் அதன் கூடும் 90, ஒளிவிடம் இரண்டு 50. ஒளிவிடம் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று, பாம்பின் உடம்பு சுவரில் உரசுகிற அளவுக்கு இறுக்கமாக. ஒன்றுதான் இருந்தால் பாம்பு தகுந்த வெப்பத்தை விடப் பாதுகாப்பையே தேர்ந்து அங்கேயே கிடக்கும். அடியில் போட தென்னந்தும்புத் துண்டு. சீடர் (cedar) மரத்தூள் மட்டும் வேண்டாம், அதன் எண்ணெய் பாம்புக்கு நஞ்சு. தும்புப் பொதியில் இலங்கையில் உற்பத்தி என்று போட்டிருந்ததைப் பார்த்து அம்மா, "ஊரில வளவுக்குள்ள சும்மா கிடந்ததை இருபது டொலர் குடுத்து வாங்குறியே" என்றார். மூலையில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றிக் கலக்கிவிட்டால் அடி ஈரமாகவும் மேல் காய்ந்தும் இருக்கும், ஈரப்பதன் 65க்குக் கீழே இறங்குவதில்லை. மேல்பரப்பே சொதசொதவென்று நனைந்திருந்தால் வயிற்றுச் செதில் அழுகும், அதுவும் ஒரு நோய்.

மின்கட்டணம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல பெட்டி என்றால் அது பெரிதில்லை, மாதம் ஐந்தாறு டொலர் கூடியிருக்கிறது. அதைவிடச் சண்டை வந்தது பிரீசரால்.

எலி உறையவைத்துத்தான் விற்கிறார்கள், ஒன்று ஐந்து டொலர் அளவில். உயிர் எலி கொடுக்காதீர்கள். பசியில்லாத பாம்போடு உயிர் எலியை இரவில் விட்டால் எலிதான் பாம்பைக் கடித்துத் தின்னும், முதுகெலும்பு தெரிகிற அளவுக்குக் கடிபட்ட பாம்புகள் உண்டு. உறைந்த எலியை எங்கே வைப்பது? வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற அம்மாவின் பிரீசரில், கறிவேப்பிலைக்கும் திருவிய தேங்காய்ப்பூவுக்கும் பக்கத்திலா? ஒரு கிழமை வீட்டில் கதை பேச்சில்லை. அம்மா சொன்னது சரியும்கூட. உறையவைத்தால் சல்மொனெல்லா சாகாது. பாம்பிலும் அது இருக்கும், எலியிலும் இருக்கும், இரண்டுமே பார்க்கச் சுகமாகத்தான் இருக்கும். அறுபத்தைந்து தாண்டியவர்களும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் உள்ள வீட்டில் இது விளையாட்டல்ல. அறுபது டொலருக்கு ஒரு பழைய சின்னப் பிரீசர் வாங்கிக் கராஜில் வைத்தேன். எலிக்கென்று தனிக் கோப்பை, தனி இடுக்கி. பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவுவதில்லை. பாம்பைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் வேறொன்றையும் தொடுவதில்லை.

எலியை இளக்குவதும் ஒரு கைவேலை. முதல்நாள் இரவே கராஜிலிருந்து எடுத்து, குளிர்பெட்டிக்குள் ஐஸ் பையோடு வைத்து மெதுவாக இளக விடுவேன். மறுநாள் பையோடு சுடுதண்ணீரில் போட்டு 38 பாகை அளவுக்கு வந்ததும் எடுத்துத் துடைத்து, தலையை மட்டும் முடி உலர்த்தியால் இன்னும் கொஞ்சம் சூடாக்குவேன். போல் பைதனின் மேலுதட்டில் வரிசையாகக் குழிகள் இருக்கும், சூட்டை அவற்றால் பார்க்கும், குளிர்ந்த எலி அதற்கு எலியே அல்ல. நுண்ணலை அடுப்பில் வைத்தால் உள்ளே வெந்து வெடிக்கும், அந்த யோசனையே வேண்டாம். இருட்டியபின், நீண்ட இடுக்கியால் ஒளிவிடத்தின் வாசலில் மெல்ல ஆட்ட வேண்டும். விழுங்கினபின் இரண்டு நாள் தூக்கக்கூடாது, தூக்கினால் கக்கிவிடும். ஊசி முடிந்து, பெட்டியும் மாறி, பெப்ரவரி நடுவில் ஒரு இரவு அது இடுக்கியிலிருந்து எலியை அடித்து எடுத்தபோது நான் கத்தியதில் அம்மா மாடியிலிருந்து ஓடிவந்தார், கடித்துவிட்டது என்று நினைத்து.

அம்மா பால் வைக்கலாமா என்றும் கேட்டார். பாம்பு பால் குடிக்காது அம்மா, தாகத்தில் குடித்தாலும் அதற்குச் சமிக்காது, தண்ணீர் மட்டுந்தான் என்றேன். ஊர்க் கோயிலில் வைத்த பாலை ஆர் குடிச்சது என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை.

பூட்டு பற்றி. 2013 ஓகஸ்டில் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் காம்பெல்ரன் என்ற ஊரில், ஒரு பெரிய ஆபிரிக்கப் பாறை மலைப்பாம்பு அடைத்த இடத்திலிருந்து காற்றுக் குழாய் வழியாகத் தப்பி, நித்திரையில் இருந்த நாலு வயது, ஆறு வயதுச் சகோதரர்கள் இருவரைக் கொன்றது. எங்களுடைய போல் பைதனால் அப்படி ஒன்றும் முடியாது, அது மனிதரைக் கொல்கிற அளவு வளராது. ஆனால் தலை நுழைகிற இடத்தில் உடம்பும் நுழையும் என்பது எல்லாப் பாம்புக்கும் பொது. கனடா வீடுகளில் தரையில் சூட்டுக்காற்றுத் துவாரங்கள் இருக்கின்றன, அதற்குள் போனால் சூடாக்கி உலைவரைக்கும் போய்விடும். நகரும் கண்ணாடிக்குப் பத்து டொலருக்குப் பூட்டு வரும். அந்த அறைத் துவாரத்துக்குக் கம்பிவலையும் அடித்தேன். ரொறன்ரோ நகரத்தில் வளர்ந்தால் மூன்று மீற்றருக்கு மேல் போகிற பாம்பும் நச்சுப்பாம்பும் வைத்திருக்கத் தடை, போல் பைதன் அந்தத் தடைக்குள் வராது. பக்கத்து நகரத்தில் சட்டம் வேறாக இருக்கலாம், வாடகை வீடென்றால் வீட்டுக்காரரையும் கேட்க வேண்டும். இந்தியாவிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே உள்ளூர்ப் பாம்பு எதையும் பிடித்து வீட்டில் வளர்க்க முடியாது.

கரண்ட் போனால்? 2013 டிசம்பர் பனிமழையில் ரொறன்ரோவில் மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மேல் கரண்ட் போய், எங்கள் தெருவில் நத்தாருக்குப் பிறகுதான் வந்தது. அப்போது பாம்பு இல்லை. இப்போது ஒவ்வொரு டிசம்பரும் ரெஜிபோம் பெட்டி, தலையணை உறை, சுடுதண்ணீர்ப் போத்தல், கைக்குள் வைக்கிற சூட்டுப் பொதிகள் எல்லாம் ஒரு இடத்தில் இருக்கும். எரிவாயு அடுப்பு இருப்பதால் தண்ணீர் சுடவைக்கலாம். பெரிய புயல் வரும் என்று அறிவித்தால் அந்தக் கிழமை எலி கொடுப்பதில்லை. வயிற்றில் எலியோடு உடம்பு குளிர்ந்தால் அது சமிக்காமல் உள்ளேயே அழுகும். வெறும் வயிற்றோடு இருக்கிற ஆரோக்கியமான பாம்பு சில மணிநேரக் குளிரைத் தாங்கிவிடும்.

ஒரு நன்மையும் சொல்ல வேண்டும். ஒரு கிழமை வெளியூர் போனால் தண்ணீரை நிரப்பிவிட்டுப் போகலாம், நாய்க்காரரால் முடியாது. ஆனால் கல்யாணத்துக்குக் கொழும்பு போய் மூன்று கிழமை நிற்க வேண்டி வந்தபோது சொந்தத்தில் ஒருவரும் வீட்டுத் திறப்பை வாங்கவில்லை. பத்து நிமிட வேலைக்கு, பக்கத்துத் தெருப் பெடியனுக்கு நூற்றைம்பது டொலர் கொடுத்தேன். கமெரா ஒன்றை வெப்பமானிக்கு முன்னால் வைத்துவிட்டுப் போய், கொழும்பிலிருந்து இரவிரவாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் கூட்டினால் முதல் வருடத்தில் இரண்டாயிரம் டொலருக்குக் கிட்டப் போயிருக்கிறது, எண்பது டொலர்ப் பாம்புக்கு. வைத்தியர் காசை விட்டால் ஆயிரத்துச் சொச்சம், அதுதான் நேர்மையான தொடக்கச் செலவு. இரண்டாவது வருடத்திலிருந்து எலி, தும்பு, கரண்ட் என்று முந்நூறு, நானூறோடு முடிகிறது. ஆனால் எத்தனை வருடம் என்று கேளுங்கள். நன்றாகப் பார்த்தால் இருபது, முப்பது வருடம் சாதாரணம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிச்சாலையில் 2020இல் ஒரு போல் பைதன் முட்டையிட்டது, அதற்கு வயது அறுபதுக்கு மேல். எனக்கு இப்போது நாற்பத்தெட்டு.

பெடியன் படிப்பை முடித்து வேலையும் எடுத்துவிட்டான். பாம்பைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டான், கூடவே இரண்டாவது ஒன்றும் வாங்கப்போகிறானாம். தரலாம், ஆனால் முதலில் புதுப் பெட்டியை வாங்கி, பாம்பில்லாமல் இரண்டு கிழமை ஓடவிட்டு, காலையும் இரவும் இரண்டு பக்கத்து வெப்பமும் ஈரப்பதனும் எழுதி அனுப்பு என்றேன். இரண்டாவது பாம்பு என்றால் மூன்று மாதமாவது வேறு அறையில், வேறு இடுக்கியோடு, உண்ணியும் வைரஸும் இல்லை என்று தெரியும்வரை வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன். "சித்தி, நீங்கள் கடைக்காரரை விட மோசம்" என்று சிரித்தான். வெப்பக் கணக்கு இன்னும் வரவில்லை. பாம்பு இங்கேதான் இருக்கிறது, நேற்று நிறுத்தபோது 1,610 கிராம்.